பொறுமை லைனில் இருக்கிறாள்

அன்று காலை நானும் அம்மாவும் தலையணை உறை மாற்றினோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். தெரிந்திருந்தால் இன்னும் மெதுவாகச் செய்திருப்பேன்.

அம்மாவுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. முதல் அறுவை சிகிச்சையிலிருந்தே அப்படி. அதனால் தலையணையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் உறையைக் கீழிருந்து மேலே இழுப்பாள். பாதி ஏறியதும் உள்ளே பஞ்சு ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். நான் மறுமுனையைப் பிடித்து உதறுவேன். தாடை அசைய முடியாததால் அவள் பேச்சு பல்லுக்குள்ளிருந்து வந்தது.

"வியாழக்கிழமை போறேன்டீ, உங்க சித்தி வீட்டுக்கு."

"போன வியாழக்கிழமையும் இதைத்தான் சொன்ன."

"அது போன வியாழக்கிழமை. இது இந்த வியாழக்கிழமை."

"போய்ச் சொல்லுவியா, இல்ல மறுபடியும் அவங்க செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வருவியா?"

"சொல்றேன்னு சொல்றேன்ல. இழு, கழுத்து நசுங்குது."

சொல்ல வேண்டிய விஷயத்தை நான்கு வரியில் சொல்லிவிடலாம். அம்மாவின் உடம்பில் ஒரு மரபணு பிறவியிலேயே பழுதாகியிருந்தது. புற்றுநோய் வராமல் காக்கும் புரதத்தைச் செய்யும் மரபணு அது. சித்திக்கும் அதே பழுது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சரிபாதி வாய்ப்பு. சித்திக்கு இருந்தால் அவள் மகளுக்கும் அதே சரிபாதி. ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து, கட்டி கடுகளவு இருக்கும்போதே பிடிக்கலாம். தெரியாவிட்டால் எங்கள் வீட்டில் இதுவரை நடந்ததுதான் இனியும் நடக்கும்.

தங்கையிடம் தானே சொல்வதாக அம்மா என்னிடம் வாக்குக் கொடுத்து மாதங்கள் ஆகியிருந்தன.

அம்மாவின் வேலையே பேசுவதுதான். ஒரு லிஃப்ட் கம்பெனியின் அவசர அழைப்பு அறையில் இருந்தாள். நகரத்தில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் படம் போட்ட பொத்தானை அழுத்துவார். அந்த மணி அம்மாவின் காதில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு அவள் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மெக்கானிக்குகள் அவளுக்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார்கள். "பொறுமை லைன்ல இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்கள். அவள் லைனில் இருந்தால் சிக்னலை மீறி ஓட்ட வேண்டியதில்லை. வீட்டில் அந்தப் பெயருக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பால் பொங்குவதற்குக்கூடக் காத்திருக்க மாட்டாள். பொங்கச் சொல்லி அதட்டுவாள்.

பள்ளிக்கூட விடுமுறைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் சொக்கும். ஜன்னலில் திரை பாதி இறங்கியிருக்கும். அதற்குக் கீழே ஒரு முழம் வெயில். ஏசி முனகிக்கொண்டே இருக்கும். சுவரில் நகரத்தின் வரைபடம், அதில் எங்காவது ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். நான் அம்மாவின் மேசைக்கு அடியில், அவள் கழற்றிப்போட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் வரும் குரல்களைக் கேட்பேன். இரண்டு மாடிகளுக்கு நடுவே, எதன்மேலும் நிற்காமல், சின்னப் பெட்டிகளில் ஜனங்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கீழே விழாமல் பிடித்திருப்பது அம்மாவின் குரல்தான் என்று நான் வெகுகாலம் நம்பினேன்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. எடுத்ததும், "கீழ உக்காந்துக்கோங்க" என்பாள். உட்கார்ந்தவர் கதவை நெம்பமாட்டார். லிஃப்டில் அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் கதவை நெம்பி வெளியே குதிக்கப் பார்த்தவர்கள். "பயப்படாதீங்க" என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தைக்குள்ளேயே பயம் இருக்கிறது என்பாள். கையில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பாள். அதிலிருந்து பேச்சு தொடங்கும்.

ஒருமுறை வண்ண மீன் விற்கிறவர் ஒருவர் மாட்டிக்கொண்டார். ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் பாலித்தீன் பைகளில் தண்ணீரும் மீனுமாக வைத்திருந்தார்.

"மேடம், என்னை விடுங்க. மீனுக்கு மூச்சு முட்டும்."

"என்ன கலர் மீன்?"

"மேடம், கலரா இப்போ முக்கியம்?"

"நான் பாத்ததில்லையே. சொல்லுங்க."

"ஒண்ணு ஆரஞ்சு. ஒண்ணு வெள்ளை, வாலு மட்டும் கறுப்பு. இன்னொண்ணு... இருங்க, லைட்டு கம்மியா இருக்கு. நீலம் மாதிரி. அசைஞ்சா பச்சை."

"பைய மடியில வெச்சுக்கோங்க. அசைய விடுங்க. எனக்கு அந்தப் பச்சை வேணும்."

அவர் சொல்லிக்கொண்டே போனார். மீன் திரும்புவது, வாய் திறப்பது, பையின் மூலையில் முத்தமிடுவது. கொஞ்ச நேரத்தில் அவர் குரல் தூக்கத்தில் பேசுகிறவர் குரல் மாதிரி ஆகிவிட்டது. நானும் மேசைக்கு அடியில் அந்த நீலப்பச்சைத் தண்ணீருக்குள் இருந்தேன். பிறகு கதவு திறக்கும் சத்தம், காலடி, அவ்வளவுதான். லைன் செத்துவிட்டது.

"நன்றிகூடச் சொல்லல" என்றேன்.

"சொல்ல மறந்துட்டாங்கன்னா நல்லபடியா வெளிய போயிட்டாங்கன்னு அர்த்தம். தேங்க்ஸ் சொல்றவங்களைத்தான் நான் நினைச்சுட்டே இருப்பேன்" என்றாள்.

யார் கோபமாகக் கத்தினாலும் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "லிஃப்ட் கெட்டுப்போகல சார். ஏதோ சரியில்லன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் நின்னுருச்சு. நிக்கத் தெரிஞ்ச லிஃப்ட் நல்ல லிஃப்ட்."

நான் வளர்ந்து மரபணு படித்தேன். ஒரு ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. ரத்தத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, எழுத்து எழுத்தாகப் படித்து, எங்கே மாறியிருக்கிறது என்று சொல்வேன். பெயர் தெரியாத ஊர்க்காரர்களின் மரபணுவைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு வரிசை எனக்குத் தட்டுப்படவே இல்லை. அம்மாவின் அப்பா எலும்பில் புற்று வந்து இளவயதில் போனார். அம்மாவின் அண்ணன் மீசை முளைக்கும் முன்பே மூளையில் கட்டி வந்து போனார். அம்மாவுக்கு நான் பள்ளியில் படிக்கும்போது மார்பகத்தில் வந்தது. எலும்பு, மூளை, மார்பு. மூன்று வேறு நோய்கள், மூன்று வேறு டாக்டர்கள். யாரும் அவற்றை ஒரே நூலில் கோக்கவில்லை.

அம்மா பிழைத்தாள். கதிர்வீச்சு கொடுத்தார்கள், அன்றைக்கு அதுதான் சரியான வைத்தியம். இந்தப் பழுது இருந்தால் கதிரே புதுக் கட்டியைக் கிளப்பலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பல வருஷங்கள் கழித்துக் கதிர் பட்ட அதே இடத்தில் புதிதாக ஒரு கட்டி வந்தது, வேறு வகை. அப்போதுதான் டாக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கேட்காமல் போனது. நூல் என் கையில்தான் இருந்தது.

சக ஊழியர் ஒருவர் அம்மாவின் ரத்த மாதிரியைப் படித்தார். டிபி53 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது.

அம்மாவிடம் விளக்கியது ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில். நாற்காலிகள் நீல பிளாஸ்டிக். எதிரே ஒரு மீன்தொட்டிகூட இல்லை, பார்ப்பதற்குச் சுவர்தான் இருந்தது.

"அந்த மரபணு ஒரு புரதம் செய்யும்மா. பேரு பி53."

"பஸ் நம்பர் மாதிரி இருக்கு."

"எடைய வெச்சுப் பேரு வெச்சாங்க. அப்புறம் பாத்தா எடைய அளந்ததே தப்பு. உண்மையில அவ்வளவு கனம் இல்ல."

"பேரே தப்பா? பாவம். சரி, அது என்ன வேலை பாக்குது?"

சொன்னேன். செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன் மரபணு முழுவதையும் நகல் எடுக்க வேண்டும். வெயில், ரசாயனம், வெறும் வயது, ஏதோ ஒன்றால் இழை அறுந்திருந்தால், அறுந்ததோடு நகல் எடுத்தால் தப்பு பெருகும். பி53 அதைக் கவனித்துப் பிரிவதை நிறுத்திவைக்கும். பழுது பார்ப்பவர்களுக்கு அவகாசம் கொடுக்கும். சரியானால் போக விடும். சரியாகவே ஆகாது என்றால் அந்தச் செல்லைத் தன்னை முடித்துக்கொள்ளச் சொல்லும்.

அம்மா தலையை ஆட்டினாள்.

"எங்க டிபார்ட்மென்ட்டுதான். ஆனா அந்தக் கடைசி வேலை மட்டும் எங்ககிட்ட கிடையாது."

"ஒண்ணும் கோளாறு இல்லாதப்போ அது தங்கவே தங்காதும்மா. செல்லுக்குள்ள உருவாகும், சில நிமிஷத்துல அழிச்சிடுவாங்க, மறுபடி உருவாகும். இழை அறுந்தாத்தான் அழிக்கிறது நிக்கும். அப்போ அது சேரும்."

"மணி அடிக்காத நாள்லயும் ஷிஃப்டுக்கு வந்து போகுதுன்னு சொல்லு. சம்பளம் உண்டா?"

"ஒவ்வொருத்தருக்கும் அந்த மரபணு ரெண்டு பிரதி. அம்மாகிட்டருந்து ஒண்ணு, அப்பாகிட்டருந்து ஒண்ணு. உனக்குத் தாத்தாகிட்டருந்து வந்தது பழுது."

"ஒண்ணுதானே பழுது? இன்னொண்ணு இருக்கே. ரெண்டு வயர்ல ஒண்ணு போனாலும் பெட்டி தொங்கும்டீ."

"தொங்கும். ஆனா இது நாலு நாலா கைகோத்துதான் வேலை செய்யும். நாலுல பழுதானது ஒண்ணு கலந்தாலே மத்ததோட பிடியும் தளர்ந்திடும். போகப்போக எங்கயாவது ஒரு செல்லுல அந்த நல்ல பிரதியும் போயிடும். ஒரே ஒரு செல் போதும்."

"நாலு பேர்ல ஒருத்தன் சரியில்லன்னா மத்த மூணு பேரும் வேலை செய்யமாட்டான். அதையும் எங்க ஆபீஸ்ல பாத்திருக்கேன்."

யானைக்கு இந்த மரபணு இருபது பிரதிவரை இருக்கிறது, அவ்வளவு பெரிய உடம்புக்கும் புற்று அபூர்வம் என்றேன். அம்மா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டாள். "உடம்பு மட்டும் யானை மாதிரி குடுத்துட்டு, இதை எலி அளவுல குடுத்திருக்கான் பாரு" என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் திரும்பிக்கொண்டார்.

என் ரத்தத்தையும் கொடுத்தேன். எனக்கு இல்லை. அதை அம்மாவிடம் சொன்னேன். சோபாவில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனாள், நடுப்பகலில், வாய் லேசாகத் திறந்தபடி. ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல உப்பி அடங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பு முழுக்க, ஒவ்வொரு செல்லிலும், யாரோ வந்து, இருந்து, ஒன்றும் செய்யாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

எழுந்ததும் சொன்னாள்: "உனக்கு இல்லன்னா என் தங்கச்சிக்கும் இருக்காது."

"அது தனிக் கணக்கும்மா. என்னோடதுக்கும் அவங்களோடதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் போய்ச் சொல்றேன்."

"நீ சொல்லாத. நீ ரிசல்ட் படிக்கிற மாதிரி சொல்லுவ. என் தங்கச்சி, நான் சொல்றேன்."

சட்டமும் அவள் பக்கம்தான். அது அவளுடைய ரத்தம், அவளுடைய முடிவு. அவள் அனுமதிக்காமல் நான் வாயைத் திறக்க முடியாது. என் வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான்.

சித்தி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரு கார், அவளே முதலாளி, அவளே வாத்தியார். விடிந்ததிலிருந்து ரோட்டில்தான் இருப்பாள். போன் செய்தால், "பேசு, பேசு, சிக்னல்ல இருக்கேன்" என்பாள். அம்மா பேசத் தொடங்குவதற்குள் பச்சை விழுந்துவிடும். "அப்புறம் பேசுறேன்க்கா, இவன் கிளட்ச்ச மிதிக்காமலே கியர் போடுறான்." சித்தியின் மகளுக்கு வீட்டில் வால் என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

நேரில் போனபோதெல்லாம் அம்மா வேறு ஏதாவது செய்துவிட்டு வந்தாள். ஒருநாள் செடிகளுக்குத் தண்ணீர். ஒருநாள் வாலுக்குத் தலை வாரிவிட்டு, முடியில் சிக்கெடுத்து, இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

பிறகு ஒரு யோசனை செய்தாள். தங்கையிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். காருக்குள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள், தங்கையும் எழுந்து ஓட முடியாது. துணைக்கு நான் பின்சீட்டில்.

"இந்த வயசுல உனக்கெதுக்குக்கா லைசென்ஸ்? பேங்க் கொள்ளையடிக்கப் போறியா?"

"சொல்லிக்குடு. பேசாத."

"முதல்ல சாவியத் திருப்பு. வலது பக்கம். அது வைப்பர்."

ஆளில்லாத ஒரு தொழிற்பேட்டைச் சாலையில் அம்மா ஓட்டினாள். நடக்கிறவர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். இரண்டு பக்கமும் மூடிய கிடங்குகள், தகரக் கதவுகளில் சாயங்கால வெயில். அம்மாவின் இடது கை ஸ்டியரிங்கின் கீழ்ப்பாதியை மட்டும் பிடித்திருந்தது. கார் ஏதோ கனவில் நகர்வதுபோல நகர்ந்தது. அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அழைப்பு அறையில் மணி அடித்ததும் வருகிற முகம் அது. சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"இங்க பாரு..." என்றாள் தங்கையிடம்.

"ரோட்டப் பாரு!"

ஒரு நாய் குறுக்கே வந்தது. சித்தி தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை மிதித்தாள். கார் தலையாட்டி நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது. நாய் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு நிதானமாகப் போனது.

 தகரக் கதவு ஒன்று எங்கோ மெல்ல முனகியது. சித்தி அம்மாவின் பக்கம் திரும்பினாள். "என்னக்கா? ஏதோ சொல்ல வந்த."

அம்மா வாயைத் திறந்தாள்.  சித்தியின் நெற்றியில் முடி விழுந்திருந்தது. அதை அம்மா கையால் ஒதுக்கிவிட்டாள்.

"உனக்கு நரைக்குதுடீ" என்றாள்.

"உன்கிட்ட கார் சொல்லிக்குடுத்தா நரைக்காம என்ன செய்யும்? ஸ்டார்ட் பண்ணு."

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தினேன். நின்றதே, கார் நின்றதே, கேட்டாளே, அதைவிட வேறென்ன வேண்டும்? அம்மா முகம் கழுவிவிட்டு வந்தாள். துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே பேசினாள்.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட பேசத்தான்டீ எனக்குத் தெரியும். அவங்க பட்டன அழுத்துவாங்க, நான் எடுப்பேன். இவ எங்கயும் மாட்டலையே. ஓடிட்டு இருக்கா. நான் வாயத் தொறந்தா, நிறுத்தினவ நான்னு ஆயிடும். இத்தனை வருஷத்துல நான் ஒரு லிஃப்டையும் நிறுத்தினதில்ல."

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நிறுத்துகிற ஒன்று அவள் உடம்பில் ஒழுங்காக இல்லாததால்தான் இவ்வளவும். நிறுத்துவதும் ஒரு காவல். ஆனால் துண்டுக்குப் பின்னால் இருந்த முகத்திடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"வியாழக்கிழமை போறேன்" என்றாள். அதற்கப்புறம் எல்லா வாரமும் வியாழக்கிழமை.

தலையணை உறை மாற்றிய அன்று மதியம் அவளுக்கு மூச்சு வாங்கியது. கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சித்தி கிளாஸை முடித்துக்கொண்டு ஓடிவருவாள், பழம் வைத்துவிட்டு அடுத்த கிளாஸுக்கு ஓடுவாள். அம்மா அவளைப் பார்த்துச் சிரிப்பாள். மருந்தில் முக்கால்வாசி நேரம் மிதந்துகொண்டிருந்தாள்.

ஒரு முற்பகல், அறை முழுக்க வெயில் பால்போல நிறைந்திருந்தபோது, கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "மணி அடிக்குதுடீ."

"எங்கம்மா?"

"உள்ள. எல்லா மாடியிலயும். யாரோ அழுத்துறாங்க. எடுக்க ஆளில்ல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.  "கையில என்ன வெச்சிருக்காங்கன்னு கேளு" என்றேன்.

உதடு கொஞ்சம் நெளிந்தது. கேட்கத் தொடங்கிவிட்டாள் போல. வெகுநேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கிடையில் ஒருமுறை கண்ணைத் திறந்து, தெளிவாக, "நான் போகலன்னா நீ சொல்லிடு" என்றாள். யாரிடம், என்ன என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை போய்விட்டாள்.

மெக்கானிக்குகள் வந்திருந்தார்கள். மூத்த மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். போகும்போது, "இனிமே ஒவ்வொரு சிக்னலையும் மீறணும்மா" என்றார்.

சடங்குகள் முடிந்து வீடு காலியானபின் சித்தி வீட்டுக்குப் போனேன். மத்தியானம். வால் உள்ளறையில் பெருக்கல் வாய்ப்பாட்டைக் குதித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி அவளுடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரியின் சூடும் ஈரத்துணியின் ஆவியும் அறையை ஒரு மங்கலான இடமாக்கியிருந்தன. சித்தியின் கை மட்டும் நிற்காமல் போய் வந்தது.

"வா. சாப்பிட்டியா? முகம் என்ன இப்படி இருக்கு?"

"சித்தி, உட்காருங்க."

"உக்காரச் சொல்லாத. அது அக்கா வேலை. உக்காருன்னா அப்புறம் ஏதோ இருக்கும்." கை காலரின் மேல் நின்றது. "என்ன இருக்கு?"

"அம்மா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தா."

"தெரியும். போன் பண்ணுவா. ஆரம்பிப்பா. அப்புறம் மழை வருதான்னு கேப்பா. அன்னிக்குக் கார்லயும் நரையப் பத்திப் பேசினா. காசு ஏதாவது வேணுமோன்னு நினைச்சேன். கேக்கக் கூச்சப்படுறாளோன்னு நானும் விட்டுட்டேன்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சொல்லு."

சொன்னேன். தாத்தா, மாமா, அம்மா மூவரையும் ஒரே நூலில் கோத்துச் சொன்னேன். புரதம் என்ன செய்யும் என்பதைச் சொன்னேன். "உங்க கார்ல ரெண்டு பிரேக் இருக்கிற மாதிரி. அம்மாவுக்குப் பிறக்கும்போதே ஒண்ணு பிடிக்கல."  ஆவி மெல்ல அடங்கியது. உள்ளறையில் ஏழாம் வாய்ப்பாடு தப்பாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் திருத்தவில்லை.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

"அம்மாவுக்கு ரிசல்ட் வந்தப்போ."

"அப்போ ரெண்டு பேரும் பின்சீட்டும் முன்சீட்டுமா உக்காந்து என்னை வேடிக்கை பாத்தீங்க."

"தானே சொல்றேன்னு சொன்னா, சித்தி. நான் சொல்லக் கூடாது, அது அவ உரிமை."

"உரிமை!" சித்தி சீருடையை உதறி மடித்தாள். மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள். "ஊர்ல மாட்டிக்கிட்டவன் போனவன் வந்தவன் எல்லாருகிட்டயும் பேசினா. கூடப் பொறந்தவகிட்ட வாய் வரல."

"நீங்க எங்கயும் மாட்டலையே, உங்களை நிறுத்த மனசு வரலன்னு சொன்னா."

சித்தி அழுதாள். சத்தமில்லாமல், மடித்த சட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. பிறகு அதே சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தைப் பார்த்து, "திரும்ப இஸ்திரி போடணும், சே" என்றாள்.

"இவளுக்கும் பாக்கணுமா?"

"முதல்ல உங்களுக்கு மட்டும். உங்களுக்கு இல்லன்னா இவளுக்குப் பாக்கவே வேண்டாம். அதோட முடிஞ்சுது."

"இருந்தா?"

"இருந்தா இவளுக்கும் பாக்கலாம். இருந்தாலும் அது நோய் இல்ல சித்தி. கண்ணைத் திறந்து வெச்சுக்கணும், அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்த நேரம் கிடைக்கல. உங்களுக்கு இருக்கு."

"வெறும் வயித்துல வரணுமா?"

"தேவையில்ல. சாப்பிட்டுட்டே வாங்க. எங்க லேப் காலையில திறந்திடும்."

சித்தி மேசையிலிருந்து போனை எடுத்தாள். காலையில் முதல் கிளாஸ் ஒரு கல்லூரி மாணவனுக்கு. அவன் உடனே எடுத்தான், அடுத்த வாரம் டெஸ்ட் என்று ஏதோ முறையிட்டான். சித்தி ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த காரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அதெல்லாம் பாஸ் ஆயிடுவப்பா. நாளைக்குக் கிளாஸ் இல்ல. ஆமா. வண்டி ஓடாது."

போனை வைத்துவிட்டு, நாற்காலியை என் எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"மிச்சத்தையும் சொல்லு" என்றாள்.